ரெதோன் வரைந்த ஒஃபீலியா ஏன் சட்டென்று கண்ணுக்குப் பிடிபடுவதில்லை?

கேள்வி: லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் பிரெஞ்சு ஓவியர் ஓடிலோன் ரெதோனின் 'பூக்களுக்கிடையே ஒஃபீலியா' படத்தை இணையத்தில் பார்த்தேன். நிறமெல்லாம் அழகுதான். ஆனால் ஆறு எங்கே, மரம் எங்கே, அவள் சாகிறாளா தூங்குகிறாளா, ஒன்றும் விளங்கவில்லை. ஆங்கில ஓவியர் மில்லே வரைந்த ஒஃபீலியாவில் எல்லாம் தெளிவாக இருக்கிறதே. பேஸ்டலில் வரைந்ததால் வந்த குறையா, இல்லை வேண்டுமென்றே இப்படியா?

பதில்:

வேண்டுமென்றேதான். ஆனால் 'சிம்பலிஸ்ட் ஓவியர்கள் (கண்ணில் படுவதைவிட மனத்தில் எழுவதை வரைந்தவர்கள்) அப்படித்தான், எதையும் மங்கலாக வரைவார்கள்' என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. ரெதோன் அந்தக் காட்சியைத் தெளிவில்லாமல் விட்டதற்கு ஷேக்ஸ்பியரின் நாடகத்துக்குள்ளேயே ஒரு நியாயம் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால்தான் படம் பிடிபடும்.

ஹாம்லெட் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ஒஃபீலியா டென்மார்க் அரசவையின் ஆலோசகர் பொலோனியஸின் மகள். அவள் விரும்பிய இளவரசன் ஹாம்லெட் அவளை வாய்க்கு வந்தபடி ஏசி விரட்டுகிறான். பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்ட அவள் அப்பாவை, யாரென்று பார்க்காமலே குத்திக் கொன்றுவிடுகிறான். அவளுக்குச் சித்தம் கலங்குகிறது. நான்காம் அங்கம், ஐந்தாம் காட்சியில் பாட்டும் பிதற்றலுமாக வந்து, அரசவையில் இருப்பவர்களுக்குப் பூவும் தழையும் பங்கிடுகிறாள். நினைவுக்கு ரோஸ்மேரி, எண்ணங்களுக்குப் பான்சி, பிறகு சோம்புத் தழை, அருவதா, டெய்சி. வயலட்டும் கொடுத்திருப்பேன், அப்பா செத்த அன்றே அவை எல்லாம் வாடிப்போயின என்கிறாள். அதன்பின் அவளை உயிரோடு நாம் பார்ப்பதில்லை.

ஏழாம் காட்சியின் கடைசியில் அரசி கெர்ட்ரூட் வந்து, ஒஃபீலியா நீரில் மூழ்கிவிட்டாள் என்று செய்தி சொல்கிறாள். ஓடைக்கு மேல் சாய்ந்து நிற்கும் வில்லோ மரம், அவள் தொடுத்த பூமாலைகள், அவற்றைக் கிளையில் மாட்ட ஏறியபோது முறிந்த கொம்பு, நீரில் விரிந்து அவளைச் சிறிது நேரம் தாங்கிய ஆடை, அப்போதும் அவள் பாடிய பழம்பாட்டுகள், கடைசியில் நீர் குடித்துக் கனத்த துணி அவளைச் சேற்றுக்குள் இழுத்தது. அவ்வளவும் அரசியின் வாய்மொழி. மேடையில் ஓடையும் இல்லை, மரமும் இல்லை. இவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிற அளவுக்கு அருகில் நின்று பார்த்தது யார், பார்த்தவர் ஏன் கைகொடுத்துத் தூக்கவில்லை என்று வாசகர்கள் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாடகம் பதில் சொல்வதில்லை. ஐந்தாம் அங்கத்தில் குழிவெட்டிகள் அது தற்கொலையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, அரசி சொன்ன அழகான கதையின்மேல் இன்னும் கொஞ்சம் மண்ணை அள்ளிப் போடுகிறார்கள்.

ஆக, ஒஃபீலியாவை வரைகிற எந்த ஓவியரும் முதலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கண்ணால் கண்ட சாட்சியாக வரைவதா, காதால் கேட்டவராக வரைவதா?

ஜான் எவரெட் மில்லே சாட்சியின் பக்கம் போனார். (உதிர்ந்த கதிர் பொறுக்கும் பெண்களை வரைந்த பிரெஞ்சு மில்லே வேறு ஆள்.) 1851 கோடையிலிருந்து நவம்பர் வரை சர்ரே மாவட்டத்தில் யூவெல் பக்கம் ஹாக்ஸ்மில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, செடிகொடிகளை இலை இலையாக வரைந்தார். பின்பு லண்டனில் எலிசபெத் சிடல் என்ற பெண்ணைத் தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டியில் படுக்க வைத்து உருவத்தை வரைந்தார். தொட்டிக்கு அடியில் சூட்டுக்காக வைத்த விளக்குகள் அணைந்துபோக, அந்தப் பெண் குளிரில் விறைத்து நோய்வாய்ப்பட்டாள். அவள் தந்தை வைத்தியச் செலவைக் கேட்டு மில்லேக்கு எழுதியது ஓவிய வரலாற்றில் எல்லோருக்கும் தெரிந்த கதை. படத்தின் தாவரங்களை ஒரு தாவரவியலாளர் பெயர் சொல்லி எண்ணிவிடலாம். அரசி சொன்ன ஊதாப்பூ எது என்பதில் மட்டும் மில்லே வேறு செடியை வரைந்துவிட்டார் என்பார்கள். ஷேக்ஸ்பியர் மனதில் இருந்தது ஒருவகை ஆர்க்கிட். அந்த மாதிரியான தவறு கண்டுபிடிக்கப்படுவதே, படம் எவ்வளவு கறாராகச் சாட்சி சொல்கிறது என்பதற்கு அடையாளம். நான் அந்தப் படத்தைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு ரெதோனிடம் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ரெதோன் காதால் கேட்டவர் பக்கம். அவர் படத்தில் இருப்பதைப் பாருங்கள். பக்கவாட்டில் தெரியும் ஒரு முகம். அதைச் சுற்றிப் பெரிய பெரிய பூக்கள். பின்னால் நீரா கரையா மூட்டமா என்று சொல்லமுடியாத வெளி. வில்லோ மரம் இல்லை, முறிந்த கொம்பு இல்லை, சேறு இல்லை. முகத்தையும் பூவையும் விட்டுவிட்டு, அரசி சொன்ன கதையின் மற்ற எல்லா விவரத்தையும் அவர் கழித்துவிட்டார்.

ஒரே ஒரு வரியை மட்டும் அவர் இறுகப் பிடித்துக்கொண்டார் என்பது என் வாசிப்பு. அரசியின் பேச்சில், ஒஃபீலியா தன் ஆபத்தே தனக்குத் தெரியாதவள் போலவும், அந்த நீரிலேயே பிறந்து அதற்கென்றே அமைந்த உயிர் போலவும் மிதந்தாள் என்று ஓர் இடம் வருகிறது. மில்லே 'மூழ்கும் பெண்' என்று கேட்ட இடத்தில் ரெதோன் 'நீருக்குரிய உயிர்' என்று கேட்டிருக்கிறார். அவர் வரைந்த முகத்தில் மூச்சுத் திணறலோ பயமோ இல்லாததற்கு இதுதான் காரணம். சாகிறாளா தூங்குகிறாளா என்று நீங்கள் கேட்டீர்கள். இரண்டும் இல்லாமல், பூக்களோடு பூவாக மாறிக்கொண்டிருக்கிறாள் என்பேன்.

இப்படி ஒரு எண்ணம் அவருக்கு எங்கிருந்து வந்தது? இதற்கு இலக்கியத்தைவிடத் தாவரவியல்தான் அதிகம் உதவும். ரெதோன் 1840இல் போர்தோ நகரத்தில் பிறந்தவர். சிறுவயதில் நோயாளிப் பிள்ளை. மெதோக் பகுதியில் பெய்ருலபாத் என்ற குடும்பப் பண்ணையில், உறவினர் பொறுப்பில், தனியாக வளர்ந்தார். இளமையில் அவருக்கு அர்மான் கிளாவோ என்ற தாவரவியலாளரின் நட்பு கிடைத்தது. கிளாவோ நுண்ணோக்கியில் மூழ்கிக் கிடந்தவர். செடிக்கும் விலங்குக்கும் நடுவே, பகலில் ஒளி படும் சில மணி நேரம் மட்டும் விலங்காக இருக்கும் ஏதோ ஓர் உயிரை அவர் தேடிக்கொண்டிருந்தார் என்று ரெதோன் பின்னாளில் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். டார்வினையும் கவிஞர் போதலேரையும் இந்திய இலக்கியத்தையும் ரெதோனுக்கு அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். 1890இல் கிளாவோ தற்கொலை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு ரெதோன் ஒரு கல்லச்சுப் (கல்லில் வரைந்து தாளில் அச்செடுக்கும் முறை) படத்தொகுப்பை அவர் நினைவுக்குப் படைத்தார்.

1883இல் வந்த 'தோற்றங்கள்' என்ற கல்லச்சுத் தொகுப்பில் ஒரு படம் உண்டு. தண்டின் உச்சியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண் மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும். உலகின் முதல் பார்வை ஒருவேளை பூவில்தான் முயன்று பார்க்கப்பட்டதோ என்கிற பொருளில் அதற்குத் தலைப்பு வைத்தார். பூ பார்க்கும், செடி முகமாகும் என்பது அவருக்குக் கவிஞர்கள் சொல்லும் உவமையாக இருக்கவில்லை. நண்பனின் ஆய்வு மேசையில் கண்ட சாத்தியமாக இருந்தது. இருபது ஆண்டு கழித்து ஒஃபீலியாவைத் தொடும்போது அந்தப் பழைய கேள்வி எதிர்த் திசையில் திரும்புகிறது, அவ்வளவுதான்.

படத்தின் அமைப்பிலும் இதற்கு ஒரு தடயம் இருப்பதாகக் கருதப்படுகிறது. எனக்கு இதுதான் அந்தப் படத்தைப் பற்றிய மிகச் சுவையான செய்தி. இந்தப் பேஸ்டல் முதலில் நின்ற வாக்கில், சாடியில் வைத்த பூங்கொத்தாகத் தொடங்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். பாதியில் தாளைக் கிடைமட்டமாகத் திருப்பிப்போட்டு, ஒரு பெண் முகத்தைச் சேர்த்து, பூச்சாடிப் படத்தை ஒஃபீலியா ஆக்கியிருக்கிறார் என்கிறார்கள். தொலைபேசியில் பார்க்கிறீர்கள் என்றால் திரை சுழலாமல் பூட்டிவிட்டுப் படத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். சுற்றிலும் வெளி, நடுவில் திரண்ட பூக்கள் என்று, அதே ஆண்டுகளில் அவர் வரைந்து தள்ளிய பூச்சாடிப் படங்களின் உடன்பிறப்பாகத் தெரியும். 1900க்குப் பிறகு அந்தப் படங்களுக்கு வாங்குவோரிடம் நல்ல கிராக்கி. அவருடைய குடும்பம் நடந்தது பெருமளவு பூக்களால்தான். பிழைப்புக்கு வரைகிற ஒரு பூங்கொத்து கைநடுவில் சாய்ந்ததும் அதில் மிதக்கும் பெண் தெரிந்திருக்கிறாள். முதலில் கதை, பிறகு படம் என்கிற வழக்கமான வரிசை இங்கே இல்லை. பூ முதலில் வந்தது, ஷேக்ஸ்பியர் பின்னால் வந்தார். அப்புறம் ஆறு எங்கே மரம் எங்கே என்று கேட்டால் எப்படிக் கிடைக்கும்?

இனி பேஸ்டல். 'பேஸ்டல்' என்றதும் நம்மில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடத்துப் பெட்டியில் வரும் எண்ணெய்ப் பேஸ்டல்தான் ஞாபகம் வரும். அது வேறு பொருள். எண்ணெய்ப் பேஸ்டல் 1920களில் ஜப்பானில் சந்தைக்கு வந்தது; ரெதோன் 1916லேயே இறந்துவிட்டார். அவர் கையில் இருந்தது உலர் பேஸ்டல். நிறமிப் பொடியைச் சுண்ணம் போன்ற வெள்ளைப் பொடியோடு சேர்த்து, ஒரு துளி பிசின் நீர் விட்டுப் பிசைந்து, குச்சியாக உருட்டிக் காயவைத்தது. குச்சி உடையாமல் நிற்கப் போதுமான அளவுதான் பிசின். தாளில் தேய்த்தபின் அங்கே கிடப்பது கிட்டத்தட்ட வெறும் வண்ணப்பொடி. மார்கழியில் வண்ணக்கோலம் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: உலர்ந்த பொடியில் இருக்கும் அந்தப் பளீர் நிறம், அதன்மேல் தண்ணீர் தெளித்த மறுகணமே கறுத்து அடங்கிவிடும். எண்ணெய் ஓவியத்தில் ஒவ்வொரு நிறமித் துகளும் எண்ணெயில் ஊறிக் கிடக்கிறது. பேஸ்டலில் அது காற்றில் கிடக்கிறது. ஒளி நேராகத் துகளில் பட்டுச் சிதறித் திரும்புகிறது. ரெதோனின் நீலமும் ஆரஞ்சும் உள்ளிருந்து எரிவதுபோல் தோன்றுவதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் விளிம்பு. பேஸ்டலில் கூரான கோடு போடவும் முடியும், விரலால் தேய்த்து இரண்டு நிறங்களுக்கு நடுவே எல்லையே இல்லாமல் செய்யவும் முடியும். பதினெட்டாம் நூற்றாண்டில் ரொசால்பா கரியேரா, மொரிஸ் காந்தேன் த லா தூர் போன்றவர்கள் இதே பொருளைக் கொண்டு பட்டும் லேஸும் கன்னத்துப் பூச்சும் கண்ணால் தொட்டுவிடலாம் போல வரைந்திருக்கிறார்கள். ஆகவே தெளிவாக வரையப் பேஸ்டலால் முடியாது என்பது சரியல்ல. ரெதோன் ஒரே தாளில் இரண்டு வகையையும் கலந்து வைக்கிறார். முகத்தின் கோடு ஓரளவு உறுதி. பூக்கள் சில இடத்தில் இதழ் இதழாக, சில இடத்தில் நிறத் திட்டாக. வெளி முழுக்கத் தேய்ப்பு. கண் ஓரிடத்தில் நிலைகொண்டு, அடுத்த இடத்தில் வழுக்கிவிடும். சட்டென்று பிடிபடவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது, அவர் கணக்குப் போட்டுச் செய்த வேலைதான்.

கரித்துண்டில் ஊறிய கை அது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐம்பது வயதை நெருங்கும்வரை ரெதோன் பெரும்பாலும் கறுப்பில்தான் வேலை செய்தார். கரித்துண்டும் கல்லச்சும். மிதக்கும் தலைகள், சிரிக்கும் சிலந்தி, வானத்தில் பலூனாக ஏறும் கண். கரித்துண்டும் பேஸ்டலும் கையாள்வதில் உடன்பிறந்தவை: இரண்டும் பொடி, இரண்டையும் விரலால் தேய்க்கலாம், துடைத்து வெளிச்சம் எடுக்கலாம். பழைய கரித்துண்டுப் படங்கள் சிலவற்றின் மேலேயே பின்னாளில் அவர் பேஸ்டல் தீட்டியிருக்கிறார். கறுப்பிலிருந்து நிறத்துக்கு வந்தது அவருக்குப் பெரிய தாவலாக இருந்திருக்காது.

இந்த மாற்றத்தைச் சொல்லும்போது எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். 1886இல் முதல் குழந்தை ழான் இறந்தது. 1889இல் மகன் அரி பிறந்தான். 1897இல் துயரநினைவு நிறைந்த பெய்ருலபாத் பண்ணை விற்கப்பட்டது. ஆகவே மனம் தெளிந்து நிறம் பூத்தது என்று. தேதிகள் சரி. முடிவுதான் எனக்கு ஒட்டவில்லை. துக்கம் போய் நிறம் வந்தது என்றால், அந்தப் பிரகாசமான நிறங்களை எடுத்துக்கொண்டு அவர் ஏன் திரும்பத் திரும்ப நீரில் சாகும் ஒரு பெண்ணை வரைய வேண்டும்? அவருடைய ஒஃபீலியா ஒரே படமல்ல. பல முறை அந்தப் பொருளுக்குத் திரும்பியிருக்கிறார். நீல மேலாடை நீர்மேல் விரிந்து கிடக்கும் இன்னொரு பேஸ்டலும் உண்டு. கறுப்பில் அவர் கேட்ட கேள்விகளேதான் நிறத்திலும் வருகின்றன. நிறத்தில் அவை பயமுறுத்துவதில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம்.

1890இல் வரைந்த 'மூடிய கண்கள்' படத்தை ஒஃபீலியாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாரிசில் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீர்ப்பரப்புபோல் ஒரு வெளி, அதற்கு மேலே தோளும் சாய்ந்த தலையும், மூடிய இமைகள். லூவ்ரில் இருக்கும் மைக்கலாஞ்சலோவின் 'இறக்கும் அடிமை' சிலை அவரை வெகுவாகப் பாதித்திருந்தது. முகத்தில் அவர் மனைவி கமீலின் சாயல் இருப்பதாகச் சொல்வார்கள். ஒஃபீலியா என்று பெயர் வைக்காத ஒஃபீலியா அது. பின்னால் வந்தவற்றில் அவர் புதிதாகச் சேர்த்தது பூக்களையும் ஒரு பெயரையும்தான்.

சிம்பலிசம் என்ற முத்திரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கவிஞர் ழான் மொரெயாஸ் 1886 செப்டம்பரில் லெ ஃபிகரோ நாளிதழில் அதன் அறிக்கையை வெளியிட்டார். கண்ணுக்குத் தெரிவதைப் படியெடுப்பதைவிட, அது மனத்தில் எழுப்புவதைச் சொல்வது அவர்கள் நோக்கம். ரெதோன் அந்த வட்டத்துக் கவிஞர் மலார்மேயின் நண்பர். ஆனால் அவரே தன் வேலையைப் பற்றி எழுதியது எந்த அறிக்கையையும்விடத் தெளிவு: என் படங்கள் தூண்டும், வரையறுக்காது, எதையும் முடிவுசெய்து தராது, இசையைப் போல, இன்னதென்று சொல்லமுடியாத ஓர் உலகத்தில் நம்மை நிறுத்தும் என்கிற பொருளில் எழுதினார். இன்னோரிடத்தில், காணக்கூடியவற்றின் தர்க்கத்தைக் காணமுடியாதவற்றின் சேவைக்கு வைப்பதே தன் வேலை என்றார். இரண்டாவது வாக்கியத்தைப் பலர் பாதி மட்டுமே கவனிக்கிறார்கள். 'தர்க்கம்' என்ற பாதியும் இருக்கிறது. அவருடைய பூக்கள் கனவுப்பூக்களாக இருந்தாலும், செடியை உண்மையிலேயே உற்றுப் பார்த்தவர் வரைந்தவை.

பிரெஞ்சுக்காரருக்கு ஒஃபீலியா மேல் இத்தனை பிடிப்பு ஏன் என்றால், அதற்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1827இல் ஓர் ஆங்கில நாடகக் குழு பாரிசுக்கு வந்து ஹாம்லெட் போட்டது. ஒஃபீலியாவாக நடித்த ஹேரியட் ஸ்மித்சனைப் பார்த்து இசையமைப்பாளர் பெர்லியோஸ் பித்துப்பிடித்து, சில ஆண்டுகள் கழித்து அவரையே மணந்தார். ஓவியர் தெலக்ருவா ஹாம்லெட்டைக் கல்லச்சுப் படத்தொடராக்கி 1843இல் வெளியிட்டார். ஒஃபீலியாவின் மரணத்தை எண்ணெயிலும் பல முறை வரைந்தார். அவர் ஒஃபீலியா ஒரு கையால் கிளையைப் பற்றியபடி நீரில் சரிகிறாள். ரெதோனுக்குத் தெலக்ருவா என்றால் தெய்வம் மாதிரி. மில்லேயின் ஒஃபீலியாவும் 1855 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இத்தனை முன்னோடிகள் இருந்தும் கிளை, கரை, பற்றிய கை எதையும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கடைசியாக, பார்ப்பது பற்றி. இணையத்தில் பார்த்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் அந்த நீலம் ஒவ்வொரு மாதிரி இருக்கும். துகளின் மேடுபள்ளம் எந்தப் புகைப்படத்திலும் வராது. படம் ஏறக்குறைய 64 சென்டிமீட்டர் உயரம், 91 சென்டிமீட்டர் அகலம். திரையில் தெரிவதைவிடப் பெரிது. பூக்களின் அளவு முகத்தோடு போட்டியிடுவது நேரில்தான் உறைக்கும். ஆனால் லண்டன் போகிறவர்கள் முன்கூட்டியே கேலரியின் வலைத்தளத்தில் அது மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாளும் சில நிறமிகளும் ஒளியில் வெளிறும் என்பதால், பேஸ்டல் படங்களைப் பொதுவாக 50 லக்ஸ் அளவிலான மங்கிய வெளிச்சத்தில், குறிப்பிட்ட காலம் மட்டும் வைத்துவிட்டு மீண்டும் இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். அதிர்ந்தால் பொடி உதிரும் என்பதால் வெளியூர்க் கண்காட்சிக்கு அனுப்பவும் தயங்குவார்கள். பொடி உதிராமல் இருக்க மேலே திரவம் தெளித்து ஒட்டவைக்கலாமே என்றால், தெளித்ததும் நிறம் அடங்கிப்போகும். சாதாரண அக்ரிலிக் தகடு போட்டால் அதன் நிலைமின்சாரம் பொடியைத் தன்பக்கம் இழுக்கும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால்தான் இருக்கும், அறை விளக்கு அதில் எதிரொளிக்கும். நேர் எதிரே நிற்காமல் சற்று விலகி நின்று, முதலில் பூக்களைப் பாருங்கள். முகத்தைத் தேடாதீர்கள், அது தானாக வரும்.